கோப்பு எண் எக்ஸ்ஒய்: ஒரு கொலையை டிவியில் எத்தனை வருஷம் காட்டலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த "வந்து", "அதாவது" எல்லாம் குறைத்து, கொஞ்சம் சரிசெய்து தரப்பட்டுள்ளது.)

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்களில் நிறையப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீர்கள். "க்ரைம் பேட்ரோல் மாதிரி நிகழ்ச்சிகள் நிஜமா நடந்த கேஸை எடுத்து நடிகர்களை வெச்சுப் படமாக்குறாங்களே, சம்பந்தப்பட்டவங்க கோர்ட்டுக்குப் போக மாட்டாங்களா? போனா என்ன ஆகும்?" நல்ல கேள்வி. க்ரைம் பேட்ரோல் சோனி டிவியில் 2003-ல் ஆரம்பித்தது. ஆனா இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வேணும்னா அதோட தாத்தாகிட்டப் போகணும். தாத்தா பிறந்தது மேற்கு ஜெர்மனியில், 1967 அக்டோபர் 20-ஆம் தேதி. இன்னும் உயிரோடு இருக்கிறார். புதன்கிழமை இரவு எட்டேகாலுக்கு ஜெர்மன் டிவியைப் போட்டால் பார்க்கலாம், எல்லா வாரமும் இல்லை, மாதத்துக்கு ஒரு முறை மாதிரி.

நிகழ்ச்சியின் பெயர் "ஆக்டன்ட்சைஷன் எக்ஸ்ஒய்... உங்கெலோஸ்ட்". ஜெர்மன்காரர்கள் எக்ஸ்ஒய்-யை "இக்ஸ் யுப்ஸிலோன்" என்று சொல்வார்கள். நான் எக்ஸ்ஒய் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், கோவிச்சுக்காதீங்க. ஆக்டன்ட்சைஷன் என்றால் கோப்பு எண். நம்ம ஊர் எஃப்.ஐ.ஆர். தலையில் குற்ற எண்ணும் வருஷமும் இருக்குமில்லையா, அது மாதிரி. உங்கெலோஸ்ட் என்றால் இன்னும் அவிழாதது. ஆக, "குற்ற எண் எக்ஸ்ஒய், துப்பு துலங்கவில்லை".

இதை உருவாக்கியவர் எடுவார்ட் ஸிம்மர்மன். இவர் கதையே ஒரு எபிசோடுக்கு வரும். 1929-ல் பிறந்தவர். போர் முடிந்த பஞ்ச காலத்தில் கள்ளச்சந்தை, திருட்டு என்று இருந்தவர். பிறகு கிழக்கு ஜெர்மனியில் உளவாளி என்று பிடிபட்டு 25 வருடக் கடுங்காவல் தண்டனை வாங்கி, 1954-ல் வெளியே வந்தார். வயசான காலத்தில் எழுதிய சுயசரிதைக்கு "நானும் ஒரு அயோக்கியனாத்தான் இருந்தேன்" என்கிற அர்த்தத்தில் தலைப்பு வைத்தார். நாடே குற்றம் ஒழிக்கிறவர் என்று பார்த்த மனிதர், சிறையிலிருந்து வெளியே வந்து, புது வாழ்க்கை தொடங்கி, அதிலே ஜெயித்தவர். இதை மனதில் ஒரு ஓரமா வெச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

நிகழ்ச்சியின் அமைப்பு ரொம்ப எளிது. போலீஸ் முட்டுச்சந்தில் நிற்கிற ஒரு கேஸ். அதை நடிகர்களை வைத்துப் பத்து நிமிடக் குறும்படமாக எடுப்பார்கள். படம் முடிந்ததும் அந்தக் கேஸை விசாரிக்கிற நிஜ அதிகாரி ஸ்டூடியோவில் வந்து உட்கார்ந்து, "எங்களுக்குத் தெரியவேண்டியது இது, இது" என்று கேட்பார். திரையில் போன் நம்பர். நேரலை என்பதால் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். குற்றவாளிக்கு எல்லை ஒரு பொருட்டில்லை என்பதால் கொஞ்ச காலத்திலேயே ஆஸ்திரியாவும் ஸ்விட்சர்லாந்தும் சேர்ந்துகொண்டன; வியன்னாவில் ஒரு ஸ்டூடியோ, சூரிச்சில் ஒரு ஸ்டூடியோ. அந்த இரண்டு நாடுகளும் 2000-களின் தொடக்கத்தில் விலகிவிட்டன. ஸிம்மர்மன் முப்பது வருடம், 1997 வரை நடத்தினார். 2002-லிருந்து ரூடி செர்னே நடத்துகிறார். இவர் முன்னாள் ஐஸ் ஸ்கேட்டிங் வீரர். ஒலிம்பிக்கில் நாலாவது வந்தவர் கொலைக் கேஸ் வாசிக்கிறார், அதுவும் நல்லாவே வாசிக்கிறார்.

அந்தக் குறும்படங்களைப் பற்றி ஒண்ணு சொல்லணும். பழைய எபிசோடுகளைப் பார்த்தால் அதில் த்ரில்லர் இசையோ வேகமான வெட்டுகளோ கிடையாது. ஒரு பெண் வேலை முடித்து வருகிறாள், தோழியிடம் போன் பேசுகிறாள், சூப் சுட வைக்கிறாள், கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போகிறாள். அவ்வளவுதான். பின்னணிக் குரல் ரயில்வே அறிவிப்பு மாதிரி உணர்ச்சியே இல்லாமல் நேரம் சொல்லும். அந்தத் தட்டையான குரல்தான் பயமே. எழுபதுகளில் வளர்ந்த ஜெர்மன்காரர்கள் யாரைக் கேட்டாலும், சின்ன வயசில் இதைப் பார்த்துவிட்டுத் தூங்காத கதை ஒன்று வைத்திருப்பார்கள். சூப், கோட்டு, பஸ் ஸ்டாப் இதெல்லாம் ஏன் என்றால், சாட்சிக்கு ஞாபகம் வரவேண்டியது கொலை இல்லை. கொலையை யாரும் பார்க்கவில்லை. "ஏழு மணி பஸ்ஸில் ஒரு பச்சைக் கோட்டுப் பொண்ணு ஏறினாளே" என்பதுதான் ஞாபகம் வரவேண்டும்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கு. 1974-ல் லாஃப்டஸ், பாமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். ஒரு குழுவிடம், "கார்கள் இடித்தபோது என்ன வேகம்?" என்று கேட்டார்கள். இன்னொரு குழுவிடம், "நொறுங்க மோதியபோது என்ன வேகம்?" ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா?" என்று கேட்டால், "இடித்த" குழுவில் 50-ல் 7 பேர் ஆமா என்றார்கள், "நொறுங்க" குழுவில் 50-ல் 16 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஒரு வார்த்தை மாறியதற்கே இப்படி என்றால், பத்து நிமிடம் நடிகர் முகத்தோடு படம் காட்டினால் ஞாபகம் என்ன ஆகும்? சாட்சி பார்த்த ஆள் போய், நடிகர் வந்து உட்கார்ந்துகொள்வார்.

அதனால்தான் போலீஸ் எங்கேயுமே கேஸின் எல்லாத் தகவலையும் வெளியே விடாது. செய்தவனுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றிரண்டு விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளும். ஜெர்மனில் இதற்குத் தனி வார்த்தையே உண்டு, "குற்றவாளி அறிவு" என்பது மாதிரி. யாராவது போன் பண்ணி "நான்தான் செஞ்சேன்" என்றாலோ, "அவன் என்கிட்ட ஒத்துக்கிட்டான்" என்றாலோ, சரிபார்க்க ஒரு சாவி வேணும். நம்ம பாஷையில் சொன்னால், டெஸ்ட் டேட்டாவை மாடலுக்குக் காட்டக்கூடாது.

இப்ப மெயின் கதைக்கு வரேன்.

1969 ஜனவரி 20, அதிகாலை. சார்லாந்து மாநிலத்தில் லேபாக் என்ற சின்ன ஊர். அங்கே ராணுவத்தின் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று. காவலுக்கு இருந்த இளம் சிப்பாய்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைத் தாக்கிக் கொன்றார்கள். மொத்தம் நான்கு பேர் செத்தார்கள், ஐந்தாவது ஆள் படுகாயத்தோடு பிழைத்தார். வந்தவர்கள் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு மறைந்துவிட்டார்கள். பனிப்போர் உச்சத்தில், நேட்டோ நாட்டின் ராணுவக் கிடங்கில் நடக்கிற விஷயமா இது! தீவிரவாதிகளா, உளவாளிகளா என்று நாடே பேசியது. கூட்டாட்சிக் குற்றப் புலனாய்வுத் துறை வரை இறங்கியும் ஒரு துரும்பு கிடைக்கவில்லை.

பிறகு மியூனிக்கில் ஒரு பெரிய நிதித் தரகருக்குப் பணம் கேட்டு மிரட்டல் கடிதம் வருகிறது. லேபாக்கைச் செய்தது நாங்கள்தான் என்று காட்டும் விவரங்கள் அதில் இருக்கின்றன. கையெழுத்து: "டாக்டர் சார்டோ".

ஏப்ரலில் எக்ஸ்ஒய் இந்தக் கேஸை எடுக்கிறது. அந்தப் பெயர் நாடு முழுக்க ஒலிபரப்பாகிறது. ரைன் நதிக்கரையில், அப்போதைய தலைநகர் பான் பக்கத்தில், ரேமாகன் என்ற ஊரில் ஒரு அம்மா டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் சாதாரண ஆள் இல்லை. மேடம் புஹேலா என்ற பெயரில் குறி சொல்கிறவர், பான் அரசியல்வாதிகள் வரைக்கும் அவரிடம் குறி கேட்கப் போவார்கள் என்று ஊரே பேசும். அவருக்குப் பொறி தட்டுகிறது. டாக்டர் சார்டோ என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு தன்னிடமே வந்து போனார்களே! போலீஸுக்குச் சொன்னார். ஏப்ரல் முடிவதற்குள் ஆட்கள் பிடிபட்டார்கள்.

நாட்டையே உலுக்கிய கேஸை ஜோசியக்காரம்மா கண்டுபிடித்தார் என்று பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஜோசியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் அழகு. அவர் கண்டுபிடித்தது ஒரு பெயர்ப் பொருத்தம். இன்ஜினியராக இருப்பதால் எனக்கு இது இரண்டு டேபிள்களை இணைக்கிற விஷயமாத்தான் தெரியுது. போலீஸ் டேபிளில் "டாக்டர் சார்டோ" இருக்கு, ஆனா ஆள் இல்லை. குறி சொல்கிறவர் டேபிளில் ஆள் இருக்கு, ஆனா குற்றம் இல்லை. நடுவில் இணைப்பு கிடையாது. ஒரு டிவி நிகழ்ச்சி இரண்டு கோடி வீட்டு டேபிள்களில் ஒரே நேரத்தில் ஒரு தேடல் ஓட்டினால் எங்கேயோ ஒரு வரி மாட்டும். அதுவும், தேடுகிற சொல் அபூர்வமாக இருந்ததால் மாட்டியது. "நடுத்தர உயரம், பழுப்பு முடி, முப்பது வயசு" என்று தேடியிருந்தால் பாதி ஜெர்மனி வந்திருக்கும்.

எக்ஸ்ஒய் பார்க்கும்போது கவனிச்சீங்கன்னா, முகத்துக்குக் கொடுக்கிற இடத்தைவிட பொருளுக்கு நிறைய இடம் கொடுப்பார்கள். கையால் தைத்த பை, வித்தியாசமான முடிச்சுப் போட்ட கயிறு, ஒரு சாவிக்கொத்து. மேஜையில் வைத்து நெருக்கமாகக் காட்டுவார்கள். "இது யாருடையது?" முகம் பொய் சொல்லும், சாவிக்கொத்து அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது.

ஒரு கணக்கு, கற்பனைக் கணக்குதான். ஒரு கோடிப் பேர் பார்க்கிறார்கள். லட்சத்தில் ஒருத்தருக்கு மட்டும் "இது எங்க மாடி வீட்டுக்காரர் மாதிரியே இருக்கே" என்று தோன்றினால்கூட 100 போன் வரும். குற்றவாளி ஒருத்தர்தான். மிச்சம் 99 பேர் வீட்டுக் கதவையும் போலீஸ் தட்டும். 1968-லேயே இதை எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் உல்ரிக்க மைன்ஹோஃப், "கொன்க்ரெட்" பத்திரிகையில். மக்களை ஒருவரையொருவர் வேவு பார்க்க வைக்கிற நிகழ்ச்சி என்பது அந்தக் காலத்து இடதுசாரி விமர்சனம். நாஜிகள் போய் இருபது வருஷம்தான் ஆகிறது, பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுப்பது என்றால் அந்த நாட்டில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். இதில் விநோதம் என்னவென்றால், மைன்ஹோஃப் 1970-ல் தலைமறைவாகி ஆயுதக் குழு தொடங்கினார். அதன்பின் அவர் குழுவினரையே தேடிக் கேட்டது எக்ஸ்ஒய்.

சரி, லேபாக். 1970-ல் சார்ப்ரூக்கனில் வழக்கு முடிந்தது. இரண்டு பேருக்கு ஆயுள். மூன்றாவது ஆள் கொலை நடந்த இடத்திலேயே இல்லை, தயாரிப்பில் உதவினார் என்று ஆறு வருடம். இந்த மூன்றாவது ஆளைத்தான் நாம் பின்தொடரப் போகிறோம். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது இன்னும் ரெண்டு நிமிஷத்தில் தெரியும்.

1972-ல் அதே இசட்.டி.எஃப். சேனல், எக்ஸ்ஒய் ஒளிபரப்புகிற அதே சேனல், "லேபாக் சிப்பாய்கள் கொலை" என்று ஒரு ஆவண நாடகம் எடுத்தது. தொடக்கத்தில் மூவரின் நிஜப் புகைப்படங்கள். பிறகு நடிகர்கள். நிஜப் பெயர்கள். மூவருக்கும் இடையே இருந்த நட்பு, அதில் இருந்த தன்பாலீர்ப்பு, திட்டம், தாக்குதல், பிடிபட்டது எல்லாம். இப்போது மூன்றாவது ஆள் தண்டனையின் பெரும்பகுதியை முடித்துவிட்டார். 1973 கோடையில் விடுதலையாகி சொந்த ஊருக்கே திரும்பப் போகிறார். அதே சமயத்தில் நாடு முழுக்கப் படம். அந்தக் காலத்து மேற்கு ஜெர்மனியில் நாடு முழுக்கத் தெரிகிற சேனல் இரண்டே இரண்டு. தேர்தல் போஸ்டர் மாதிரி எல்லார் வீட்டுக்குள்ளும் முகம் போய்விடும்.

அவர் தடை கேட்டார். மைன்ஸ் நீதிமன்றம் மறுத்தது. கோப்லென்ஸ் உயர் நீதிமன்றமும் மறுத்தது. நடந்தது உண்மை, நாட்டு வரலாறு, காட்டக்கூடாது என்றால் எப்படி? கடைசியில் கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கிற அரசியலமைப்பு நீதிமன்றம் 1973 ஜூன் 5 அன்று தீர்ப்புச் சொன்னது. படம் ஒளிபரப்பாகக் கூடாது.

தீர்ப்பின் தர்க்கம்தான் எனக்குப் பிடித்தது, ஏன்னா அது நேரத்தை ஒரு மாறியாக உள்ளே கொண்டுவருகிறது. குற்றம் நடந்த புதிதில் மக்களுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமைதான் பெரிது. பெயர், படம் எல்லாம் போடலாம், கடுமையான குற்றம் செய்தவர் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனா அந்த உரிமைக்கு எல்லை உண்டு. தெரியவேண்டியது தெரிந்தபின், "என்னைத் தனியாக விடு" என்கிற உரிமையின் எடை கூடிக்கொண்டே போகும். விடுதலை நெருங்கும் நேரத்தில், மீண்டும் சமூகத்தில் சேர்வதையே கெடுக்கிற மாதிரி பழைய குற்றத்தைத் திரும்பக் காட்டக்கூடாது. நாடக வடிவத்தைப் பற்றியும் நீதிபதிகள் தனியாகப் பேசினார்கள். செய்தி வாசிப்பதைவிட நடித்துக் காட்டுவது ஆழமாகப் பதியும். பார்க்கிறவர் அப்படியே நடந்ததாக எடுத்துக்கொள்வார். எது ஆவணம், எது இயக்குநர் போட்டுக்கொண்டது என்று பிரித்துப் பார்க்க மாட்டார்.

அதாவது 1969-ல் எக்ஸ்ஒய் இந்தக் கேஸை நாடு முழுக்கக் கொண்டுபோனது சரி. 1973-ல் அதே சேனல் அதே ஆளின் முகத்தைக் காட்டுவது சரியில்லை. முதலாவதில் பார்வையாளரிடம் ஒரு உதவி கேட்கிறார்கள். இரண்டாவதில் கேட்க எதுவும் இல்லை.

இதற்கு எதிர்வாதம் பலமானது, அதைத் தாண்டிப் போக மாட்டேன். செத்துப்போன நாலு பசங்களின் அம்மா அப்பாவுக்கு எந்தக் கோர்ட் "மறக்கப்படும் உரிமை" கொடுத்தது? பிழைத்த அந்த ஐந்தாவது ஆள் ஒவ்வொரு இரவும் அந்தப் படத்தை ஓட்டிக்கொண்டுதானே இருந்திருப்பார்? ஸிம்மர்மன் இந்தப் பக்கத்தை விடவில்லை. 1976-ல் மைன்ஸ் நகரில் "வைசர் ரிங்" என்று ஒரு அமைப்பைத் தொடங்கிவைத்தார், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ. இன்றைக்கும் ஜெர்மனியில் பெரிய அமைப்பு அது. ஆனா பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் செய்வதற்கு, சிறையிலிருந்து வெளியே வருகிறவரின் வேலையைக் கெடுக்கவேண்டும் என்று அவசியம் இல்லையே. ஸிம்மர்மனுக்கே ஒரு இரண்டாம் வாழ்க்கை கிடைத்ததைக் கொஞ்ச நேரம் முன்னாடி சொன்னேனே. அவருடைய பழைய கேஸை யாரும் வருடா வருடம் படமாக எடுத்துக்கொண்டிருக்கவில்லை.

கதை அங்கே முடியவில்லை. 1996-ல் சாட்.1 என்கிற தனியார் சேனல், வரலாற்றில் இடம்பெற்ற குற்றங்கள் பற்றிய தொடரில் லேபாக்கை மறுபடி எடுத்தது. இந்த முறை பெயர்கள் மாற்றம், நிஜ முகங்கள் இல்லை. மறுபடி கோர்ட், மறுபடி கார்ல்ஸ்ரூஹே. 1999 நவம்பரில் அதே நீதிமன்றம், இதைக் காட்டலாம் என்றது. முப்பது வருடம் ஆகிவிட்டது, ஆளை அடையாளம் காண முடியாது, குற்றம் நடந்ததையே பேசக்கூடாது என்று யாருக்கும் உரிமை இல்லை. 2019-ல் இன்டர்நெட்டுக்கும் இதே கேள்வி வந்தது. 1981-ல் "அப்பொலோனியா" என்ற பாய்மரக் கப்பலில் இரண்டு பேரைக் கொன்று, தண்டனை முடித்து 2002-ல் வெளியே வந்தவர் ஒருவர். கூகுளில் அவர் பெயரைத் தட்டினால் "டெர் ஷ்பீகல்" பத்திரிகையின் பழைய கட்டுரைகள் முதலில் வந்து நின்றன. பத்திரிகை தன் காப்பகத்தை அழிக்கவேண்டாம், ஆனா பெயர் வைத்துத் தேடினால் அது முதலில் வந்து நிற்பதைத் தடுக்க வழி பார்க்கவேண்டியிருக்கும் என்ற திசையில் நீதிமன்றம் போனது. டேட்டாவை அழிக்காதே, இண்டெக்ஸை மாற்று. எவ்வளவு சுத்தமான தீர்வு பாருங்க.

இப்ப எண்கள். எக்ஸ்ஒய் தரப்பு சொல்வது, காட்டிய கேஸ்களில் சுமார் 40 சதவீதம் துலங்கியிருக்கிறது என்று. இது பெரிசா, சின்னதா? ஜெர்மனியில் கொலைக் கேஸ்களில் 90 சதவீதத்துக்கு மேல் போலீஸே கண்டுபிடித்துவிடுகிறது. எக்ஸ்ஒய்க்கு வருவது அந்த வடிகட்டியில் தங்கிய மிச்சம். அந்த மிச்சத்தில் 40 என்றால் நிஜமாவே பெரிசு. ஆனா "காட்டியபின் துலங்கியது" வேற, "காட்டியதால் துலங்கியது" வேற. பத்து வருஷம் கழித்து டி.என்.ஏ. பொருத்தத்தில் மாட்டினாலும் அது துலங்கிய கணக்கில்தான் வரும். டிவியில் காட்டாத, அதே மாதிரியான கேஸ்களோடு ஒப்பிட்டால்தான் தெரியும். யாருக்கும் அப்படி ஏ/பி டெஸ்ட் நடத்தத் தைரியம் வராது, வரவும் கூடாது.

2023-ல் ரெகினா ஷில்லிங் இந்த நிகழ்ச்சியைப் பற்றியே ஒரு ஆவணப்படம் எடுத்தார். பழைய எபிசோடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? தனியாக வெளியே போன பெண், லிஃப்ட் கேட்ட பெண், டிஸ்கோவுக்குப் போன பெண். ஒவ்வொரு படமும் மேலுக்குச் சாட்சி தேடுகிறது; அடியில் "பொண்ணுங்களா, வீட்டுல இருங்க" என்கிறது. அந்தக் காலத்தில் கட்டிய கணவனே செய்கிற வன்முறை திரைக்கு வருவது அரிது; அதில் தேடவேண்டிய ஆள் யாரும் இல்லையே, எக்ஸ்ஒய்க்குக் கேஸ் கிடையாது. நிகழ்ச்சியின் வடிவமே எந்தக் குற்றம் கண்ணுக்குத் தெரியும் என்று தீர்மானித்துவிடுகிறது. அறிமுகமில்லாத இருட்டு மனிதன்தான் ஆபத்து என்று ஒரு தலைமுறை நம்பியது. க்ரைம் பேட்ரோல் பார்த்து வளர்ந்த நமக்கு இது வேறு மாதிரி. அதில் பாதி எபிசோடில் ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் பேரன் தாத்தாவைவிட நேர்மை என்பது என் கருத்து.

எக்ஸ்ஒய்யின் வாரிசுகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பிபிசியின் "க்ரைம்வாட்ச்", 1984 முதல் 2017 வரை. அதன் தொகுப்பாளர் ஜில் டாண்டோவே 1999 ஏப்ரலில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையை அதே நிகழ்ச்சி மீள்நடிப்பு செய்து காட்டியது. 2001-ல் ஒருவர் தண்டிக்கப்பட்டு, 2008-ல் மறுவிசாரணையில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். இன்றுவரை யார் செய்தது என்று தெரியாது. அமெரிக்காவில் 1988-ல் "அமெரிக்காஸ் மோஸ்ட் வான்டட்". முதல் எபிசோடில் காட்டிய ஆள் நாலு நாளில் பிடிபட்டார். சிங்கப்பூரில் 1986 முதல் போலீஸே சேர்ந்து நடத்தும் "க்ரைம்வாட்ச்", அது தமிழிலும் வருகிறது. ஜீ டிவியில் தொண்ணூறுகளின் கடைசியில் "இந்தியாஸ் மோஸ்ட் வான்டட்". இவை எல்லாம் திறந்த கேஸ்கள், அல்லது ஓடிப்போனவரைத் தேடுபவை. க்ரைம் பேட்ரோல் பெரும்பாலும் மூடிய கேஸ்களை எடுக்கிறது, பெயர், ஊர் மாற்றி. எனவே நீங்கள் கேட்ட கேள்வி, லேபாக் கேள்விதான்.

நம்ம நாட்டில் இதற்கு அடிப்படையான தீர்ப்பு சென்னையிலிருந்து போனது. ஆட்டோ சங்கர் கேஸ். சிறையில் இருந்தபோது அவர் சுயசரிதை எழுதினார், அதில் சில போலீஸ் அதிகாரிகளோடு தனக்கிருந்த தொடர்பையும் எழுதியிருக்கிறார் என்று பேச்சு. நக்கீரன் அதைத் தொடராக வெளியிடப் போவதாக அறிவித்தது. சிறைத்துறைத் தலைமை, இது அவர் எழுதியதே இல்லை, வெளியிடாதே என்று கடிதம் அனுப்பியது. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்று வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு: தனிமனிதனின் அந்தரங்கத்தை அவன் சம்மதம் இல்லாமல் எழுத முடியாது, ஆனா நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணத்தில் வந்துவிட்டால் எழுதலாம், சம்மதம் வேண்டாம். வெளியாவதற்கு முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை. பொய் என்றால் வெளியான பின் வழக்குப் போடட்டும். பாலியல் வன்முறை, கடத்தல் போன்றவற்றில் பாதிக்கப்பட்டவரின் பெயர் மட்டும் வரவே கூடாது. ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரலில் சேலத்தில் தூக்கிலிடப்பட்டார். 2019-ல் அவர் கதை வெப் சீரிஸாகவும் வந்தது.

இந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் தமிழில் புலனாய்வுப் பத்திரிகையே கஷ்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனா கார்ல்ஸ்ரூஹே பார்த்த ஒன்று இதில் இல்லை: நேரம். பொது ஆவணத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது. தூக்குத் தண்டனைக் கைதியின் வழக்கில் "விடுதலையாகி ஊருக்குத் திரும்பினால்?" என்ற கேள்வி எழவும் வழியில்லை. ஆனா நம்ம கோர்ட்டுகளில் வருகிற பெரும்பாலான பெயர்கள் ஆட்டோ சங்கர் மாதிரி பெயர்கள் இல்லை. திரும்பி வரவேண்டியவர்கள். சிலர் குற்றமே செய்யாதவர்கள்.

பெயர் மாற்றினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியில் 1999 தீர்ப்புப்படி ஏறக்குறைய போதும். என் கேள்வி, யாருக்குப் போதும்? முப்பது வருடம் கழித்து வேறொரு ஊர்ப் பார்வையாளருக்குப் போதும். போன வருஷம் நடந்ததை இந்த வருஷம் எடுத்தால், அந்தத் தெருவுக்கு, அந்த ஆபீஸுக்கு, பிள்ளை படிக்கிற ஸ்கூலுக்குப் பெயரே தேவையில்லை. ஒரு பாட்காஸ்ட்டும் இதே மாதிரிதான். அதனால் இங்கே கேஸ் பேசும்போது, தலைப்பிலேயே பெயர் இருக்கிற பொது ஆட்களைத் தவிர மற்றவர்கள் பெயரைச் சொல்வதில்லை. லேபாக் மூன்றாவது ஆளையும் அப்படித்தான் விட்டேன். இணையத்தில் தேடினால் கிடைக்கலாம். நீங்க தேடுவீங்கன்னும் தெரியும்.

நம்ம ஊரிலேயே இது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு குற்ற வழக்கில் முழுதாக விடுவிக்கப்பட்ட ஒருவர், தீர்ப்பு நகலில் இருந்து தன் பெயரை மறைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் போனார். பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்தத் தீர்ப்புதான் என்பது அவர் குறை. 2021-ல் தனி நீதிபதி, அதற்குச் சட்டம் வரட்டும் என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்து, தீர்ப்புகளை வெளியிடும் இணையதளத்தை நீக்கச் சொன்னது. அதே ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது, தீர்ப்பு என்பது பொது ஆவணம், அதை எப்படி நீக்குவது என்ற கேள்வியோடு. 1994-ம் 1973-ம் ஒரே அறையில் உட்கார்ந்து வாதாடப் போகின்றன. கோர்ட் என்ன சொல்கிறது என்று வரும்போது தனி எபிசோடு போடுகிறேன்.